யாராவது எடுத்திருப்பாங்க

"திங்கட்கிழமை கேமராப் பதிவு வேணும் சார்."

மேலாளரிடம் அவள் கேட்டது, அந்த அலுவலகத்தில் யாரும் கேட்கக்கூடாதது. "நம்ம வீட்டுல படிச்சு வேலைக்குப் போன மொத ஆளு நீ. அதை மட்டும் கேட்டுத் தொலைக்காத" என்று அம்மாவும் காலையில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை மதியம், பார்சல் கொண்டுவந்த பெண் கழுவிவிட்ட வாசற்படியில் வழுக்கி மண்டை உடைந்து கிடந்தாள். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நாற்பது பேர். நாள் முழுக்க ஊரார் அழைப்பை எடுத்து, என்ன உதவி வேண்டும் என்று தேனொழுகக் கேட்பதுதான் அவர்கள் பிழைப்பு. அழைப்பு வந்தால் நாற்பது திரையிலும் மின்னும். ஒருவர் எடுத்தால் மற்றவர்களுக்கு வேலையில்லை. அன்றும் பக்கத்தில் நிற்பவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு பதினோரு நிமிடம் நின்றார்கள். இன்று பதிவு கேட்டவளும் அவர்களோடு நின்றாள்.

கடைசியில் ஓடிவந்தவர் எதிர்க்கடை இஸ்திரிக்காரர். பெட்டியை யார் சட்டைமேலோ அப்படியே விட்டுவிட்டு வந்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பார்சல்காரிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. உன் சைக்கிளால் இடித்துத் தள்ளியது நீதானே என்று இஸ்திரிக்காரரை மூன்று நாளாகக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். ரத்தக்கறை அவர் சட்டையில்தானே இருந்தது. வேடிக்கை பார்த்த நாற்பது சட்டையும் வெள்ளைவெளேர்.

பதிவு வெளியே போனால் நிறுவனத்தின் மானம் கப்பலேறிவிடும் என்றார் மேலாளர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுல நீயும்தாம்மா நிக்கிற."

"தெரியும் சார். மூணாவது கண்ணாடி. கையில டீ." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அப்போ நீங்க பாத்தாச்சு. அவரு இடிக்கலன்னு உங்களுக்கும் தெரியும்."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். நாங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று எழுதி, கீழே முப்பத்தொன்பது கையெழுத்து. காலையில் கேண்டீனில் இஸ்திரிக்காரருக்காக உச்சுக்கொட்டியவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

"நீ ஒருத்திதான் பாக்கி. உனக்கேம்மா ஊர் வம்பு? யாராவது போய்ச் சொல்லுவாங்க."

"அன்னிக்கும் அப்படி நெனச்சுத்தான் சார் டீ குடிச்சேன்."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தத் தாளின்மேல் வைத்தாள். பதிவு அவர்களிடமே இருக்கட்டும். பார்த்த கண் இவளிடம் இருக்கிறது. அந்தப் பதிவு இருக்கிற இடத்தையும் இவளே போய்ச் சொல்லுவாள்.

வாசற்படியில் இன்றும் ஈரம். கைப்பிடியைப் பிடித்து இறங்கி, காவல் நிலையம் இருக்கும் பக்கம் திரும்பினாள்.