சிதம்பரத்துக் கைதட்டல்

அருள்முருகன் கிடார் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். தொடங்கும்போது மூடினால் கடைசித் தந்தி அடங்கிய பிறகுதான் திறப்பான். "கண்ண தொறந்தா காது மூடிக்குது தங்கராசு" என்பான் என்னிடம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் பாஸ் கிடார் வாசிக்கிறவன். அவன் எங்கெங்கோ பறந்துவிட்டுத் திரும்பி வரும்போது கால் வைக்கத் தரை வேண்டுமே, அந்தத் தரை நான். டிரம்ஸில் பக்கிரி. கடலூர் மாவட்டத்தில் ஜாஸ் வாசித்த ஒரே கோஷ்டி நாங்கள் மூன்று பேர்தான். கேட்ட கோஷ்டி என்று ஒன்று கிடையாது.

ஜாஸ் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு மெட்டை மூவரும் சேர்ந்து வாசிப்போம். பிறகு ஒருவன் அதை விட்டுக் கழன்று, அந்த நிமிஷம் மனதில் தோன்றியதையெல்லாம் வாசிப்பான். மற்ற இருவரும் அவனைத் தாங்குவோம். இன்றைக்கு வந்தது நாளைக்கு வராது. அதனால் அருள் எல்லாவற்றையும் பதிவு செய்வான். தேவனாம்பட்டினத்துப் பக்கம் ஒரு வீடு எடுத்திருந்தான். சுனாமிக்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் குடிவரவில்லை, சத்தம் என்று சண்டைக்கு வர ஆளில்லை. அங்கே வாசித்துப் பதிந்து, சிடி போட்டு, அட்டையைத் தானே வெட்டி ஒட்டி, கல்லூரி வாசலில் நின்று கொடுப்பான். வாங்கிப் போனவர்களில் ஒருவன் அதைத் தன் பைக்கின் பின்னால் வெளிச்சத்துக்கு மின்னட்டும் என்று மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். அருளிடம் சொல்லவில்லை.

அவன் மாமனார் திருநாவுக்கரசுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் இரும்புக் கடை. ஒரே மகள் மாலதி. ஆகவே கடைக்கு வாரிசு மாப்பிள்ளைதான் என்பது அவர் கணக்கு. அருளோ கல்யாணம் ஆன கையோடு, சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த ஆர்கெஸ்ட்ராவையும் விட்டுவிட்டு ஜாஸ் என்று கிளம்பினான். மாமனார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ரசம் ஊற்றச் சொல்கிற குரலில்தான் கழுத்தை அறுப்பார்.

"மாப்ள, நம்ம ஜில்லாவுல நாலு பேரு இத காது குடுத்து கேட்டாங்கன்னு காட்டுங்க. கடைன்ற பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா கிடார பரண்ல போட்டுட்டு வந்து கல்லாவுல குந்துங்க."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டான் அருள். ரோஷக்காரனுக்குப் புத்தி மட்டு.

அந்த நாலு பேர் கிடைக்காமலே வருஷங்கள் போயின. 2007இல் சிதம்பரத்தில் மணவாளனுக்கு ரிசப்ஷன் வந்தது. மணவாளன், மாலதியின் சித்தப்பா மகன். "நம்ம மாப்ள இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்று மாமனாரே எங்களை ஏற்பாடு செய்தார். "எம் பாட்டத்தான் வாசிப்பேன் மாமா" என்றான் அருள். "இன்னா வேணா வாசிங்க" என்றார். அவ்வளவு தாராளமாக அவர் பேசியபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மண்டபத்தின் ஒரு கோடியில் மணமக்கள் மேடை. மறு கோடியில், சாப்பாட்டுக் கூடத்து வாசலை ஒட்டி எங்கள் இடம். நாற்காலிகள் எல்லாம் மணமக்களைப் பார்த்துக் கிடந்தன. ஊரே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கை கழுவ வந்த ஒருத்தர் என் தோளைத் தட்டி, "மைக் டெஸ்டிங் எப்பப்பா முடியும்? பாட்ட ஆரம்பிங்க" என்றார். அப்போது கச்சேரி பாதி முடிந்திருந்தது.

ஆனால் அன்றைக்கு அருள் வாசித்தது வாசிப்பு. சும்மா புகழவில்லை, புகழ்ச்சி எனக்கு வராத வேலை. மெட்டை விட்டு வெளியே போனவன் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டே போனான். பக்கிரிக்கு வாய் பிளந்துவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஒரு தந்தியில் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளங்கையைத் தந்திகள் மேல் வைத்து அடக்கினான். தலை கவிழ்ந்திருந்தது.

ஒரு கைதட்டு. ஒற்றைக் கைதட்டு. அதன் பின்னால் மண்டபமே தட்டியது, விசில் பறந்தது.

அந்த நேரம் பார்த்து மணவாளன் கேக்கை வெட்டி மணப்பெண் வாயில் வைத்திருந்தான். விசில் அடித்த பயல்கள் ஸ்பிரே நுரையைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பக்கிரிக்கும் எல்லாம் தெரிந்தது. அருள் கண்ணைத் திறந்தபோது கேக் வேலை முடிந்துவிட்டது. கூட்டம் எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வாசல் எங்கள் பக்கம்தானே. அவன் கண்ணில் தண்ணீர் முட்ட, பந்திக்கு ஓடி வருகிற கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"பந்தி முடியட்டும்" என்றான் பக்கிரி.

பந்தி முடிந்தது. நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும்? ஊரே ஏதாவது ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறது, இவனுக்கு மட்டும் எதற்கு உண்மை?

அன்றைய பதிவைக் கேட்டுக் கேட்டு அருள் தேய்த்துவிட்டான். கிடாரைக்கூட அப்படிக் கேட்கவில்லை, கைதட்டலைக் கேட்டான். அதிலும் அந்த முதல் ஒற்றைத் தட்டு அவனைப் பைத்தியமாக்கியது. "ஒருத்தருக்கு மொதல்ல புரிஞ்சிருக்கு பாரு. யாரு அது?" என்று மாலதியிடம் கேட்டான்.

"நான்தாங்க" என்றாள் மாலதி.

அன்றிலிருந்து அவன் நடையே மாறிப்போனது. மாமனாரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "கேட்டேன் மாப்ள. ஜாஸ்தியாத்தான் தட்டியிருக்காங்க" என்றார். கடைப் பேச்சை விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அருள் நினைத்தான். நானும் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து அந்தப் பதிவையே சிடியாகக் கொண்டுவந்தான். பெயர் 'சிதம்பரம்'. அட்டையின் உள்பக்கத்தில், 'முதலில் கைதட்டிய மாலதிக்கு' என்று போட்டிருந்தான். கடலூரில் ஒரு ஹாலில் ஞாயிறு சாயங்காலம் வெளியீடு, கூடவே எங்கள் கச்சேரி. மாமனாரே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அழைத்தார். மத்தியானம் எல்லாருக்கும் அவர் வீட்டில் கறிச்சோறு. எங்களுக்கும்தான்.

சாப்பிட்டு வெற்றிலை போடும்போது, "மாப்ள, நம்ம மணவாளன் ரிசப்ஷன் டிவிடி கெடக்குது. நீங்களும் அதுல வர்றீங்க, பாக்கலாமா?" என்றார். அது வந்து மூன்று வருஷமாகிறது. பீரோவில் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறார்.

நம் ஊர்க் கல்யாண வீடியோவில் நிஜச் சத்தம் எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலே சினிமா டூயட்டை ஊற்றிவிடுவார்கள். திரையில் அருள் கண்ணை மூடி உருகி உருகி வாசித்தான், அதற்கு யாரோ ஒரு பாடகியின் குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. அருளும் சிரித்தான். பிறகு படம் எங்கள் பின்னாலிருந்து விரிந்தது. வீடியோக்காரன் எங்கள் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி நின்று எடுத்திருக்கிறான், பாவி. ஓரத்தில் அருள் தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்துத் தலை கவிழ்ந்திருந்தான். அவனுக்கு எதிரே மண்டபம் நிறைய முதுகுகள். தூரத்தில் கேக். முன்வரிசையில் பச்சைப் பட்டுப்புடவையில் மாலதி எழுந்து நின்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையைத் தூக்கித் தட்டினாள். அவளைப் பார்த்துத்தான் எல்லாரும் தட்டினார்கள்.

மாமனார் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினார். "பாத்தீங்களா மாப்ள, மொதல்ல தட்டுனது எம் பொண்ணுதான். அவ பொய் சொல்லல."

பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறியது.

"அப்பா, நிறுத்துங்கப்பா" என்றாள் மாலதி. குரல் உடைந்துவிட்டது.

அருள் அவளை மட்டும் பார்த்தான். "அன்னிக்கு நான் வாசிச்சது ஒங் காதுல விழுந்துச்சா?"

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாமி சத்தியமாக அவளை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். "இல்லீங்க... நான் தம்பி கேக் வெட்டுறதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டப்போ மொகம் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதான்..."

அருள் தலையை ஆட்டினான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஹாலுக்குப் போலாம் தங்கராசு" என்றான். அந்த மாமனாரை அங்கேயே ஒரு அறை அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் என் கை ஊறுகிறது.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலிகள் எங்களைப் பார்த்துக் கிடந்தன. மாமனார் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மாலதி. அருள் ரெக்கார்டரை வைக்கவில்லை. மெட்டைத் தொடங்கினான், கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வாசித்தான். செல்போனைத் தடவுகிறவன், கொட்டாவி விடுகிறவள், சிரிப்பை அடக்குகிறவன், எல்லாரையும் பார்த்தான். தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. நானும் பக்கிரியும் தாங்கிக்கொண்டு நின்றோம். அவன் வெளியே போகவே இல்லை. ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தான், பிறகு அதையும் நிறுத்தினான்.

மைக்கை இழுத்தான்.

"மைக் டெஸ்டிங் முடிஞ்சிடுச்சு" என்றான். "மாமா, நாளைக்குக் கடைய எத்தன மணிக்குத் தொறக்கணும்?"

ஒரு கைதட்டு கேட்டது. மாமனாருடையது. அதன் பின்னால் ஹாலே தட்டியது, சிதம்பரத்தைவிட ஜாஸ்தியாக. மாலதி மட்டும் இரண்டு கைகளையும் மடிக்குள் புதைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.