மிச்சமாகும் ஓரடி

"குதிகாலத் தூக்காதன்னு எத்தனை தடவ சொல்றது," என்றார் வெர்ன்.

மகள் டோரீன் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, நெஞ்சோடு நெஞ்சாகப் பிடித்திருந்தாள். பார்கின்சன் வந்த பிறகு, நடக்கச் சொன்னால் அவர் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆடச் சொன்னால் பெயரும். அதனால் காலைதோறும் ஜன்னலோர நாற்காலி வரை பால்போவா. இரண்டாம் உலகப் போருக்கு முன், கைவீச இடமில்லாத கடற்கரை மண்டபங்களில் ஆடிய ஆட்டம் அது. காலடியில் ஒரு சாண் இடம் போதும்.

வெர்ன் சான் டியாகோவில் ஆடக் கற்றவர். அவர் பாதம் தரையை உரசிக்கொண்டே போகும். அவர் மனைவி லாங் பீச்காரி. அவளுக்கு மூன்றாவது எண்ணிக்கையில் குதிகால் எழும். ஐம்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் இதில் மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் போய் மூன்று வருடமாகிறது. டோரீன் ஆடியது அம்மாவின் ஆட்டம்.

எட்டு வரை மூன்று முறை எண்ணினால் நாற்காலி கிட்டே வந்துவிடும். கடைசியில் ஓரடி மிச்சமாகும்.

"நாற்காலிய ஓரடி இழுத்துப் போட்டா என்ன?"

"விளக்கு ஒயர் எட்டாதுப்பா."

இரண்டாவது முறை எண்ணும்போது அவருடைய குதிகால் எழுந்தது.

"அம்மா கட்சிக்கு வந்துட்டீங்க போலிருக்கே."

"அவதான் பாக்கலையே," என்றார்.

பிறகு அவர் எடை முழுவதும் அவள் தோளில் இறங்கியது. அடுத்து அவளுக்கு நினைவிருந்தது, நாற்காலியில் மூச்சில்லாமல் தலை சாய்ந்திருந்த அப்பாவும், தரையில் உட்கார்ந்திருந்த தானும்தான். நடுவில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ரெமிக்கு முன்பே தம்பி க்ளென் வந்துவிட்டான். "ஆடுறேன்னு ஒரு நாள் அவரக் கீழ போடப் போற," என்று மார்ச்சில் சொன்னவன். இப்போது கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

ரெமி படிவத்தைப் பிரித்தாள். "விழுந்தாரா?"

"தெரியல," என்றாள் டோரீன்.

க்ளென் ஜன்னலைப் பார்த்தான்.

ரெமி வெர்னின் முழங்கைகளைப் பார்த்தாள். இடுப்பை, முதுகை, பின்தலையைப் பார்த்தாள். கதவில் உரசினாலே கிழியும் தோல் அவருடையது. டோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கீறல்கூட இல்ல." ரெமியின் பார்வை கீழே இறங்கியது. "உங்க முட்டியில என்ன, ரத்தம்?"

டோரீன் பாவாடையைச் சற்று உயர்த்தினாள். இரண்டு முட்டிகளும் சிராய்த்திருந்தன.

"இவரு விழல. முட்டி போட்டுத் தாங்கி உக்கார வச்சிருக்கீங்க. விழுந்தது நீங்கதான்."

டோரீன் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பிளாஸ்திரி எங்கக்கா வச்சிருக்க?" என்றான் க்ளென்.

"அடுப்புக்குப் பக்கத்துல, ரெண்டாவது டிராயர்."

அவன் கோட்டோடு மண்டியிட்டு ஒட்டினான். ஒன்று கோணலாகிவிட்டது.

"இதக்கூட நேரா ஒட்டத் தெரியல உனக்கு."

"நீ கால ஆட்டாமக் காட்டு," என்றான்.

மதியம் வெர்னின் உடலைக் கொண்டுபோனார்கள். க்ளென் வண்டியின் பின்னே போனான். டோரீன் படுக்கையை உதறிப் போட்டாள். கட்டிலோரம் நின்று, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், ஜன்னல் பக்கம் எண்ணிக்கொண்டே போனாள். எட்டு வரை மூன்று முறை.

ஓரடி மிச்சமிருந்தது.