நெருப்பு தொடாத துப்பாக்கி

தெருவே அவரை டுமீல் என்று கூப்பிட்டாலும், மனிதர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சொந்தத் துப்பாக்கியோடு நகைக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. முதலாளி சம்பளம் கொடுத்தது துப்பாக்கிக்குத்தான். அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று இவரையும் சேர்த்து வைத்திருந்தார்.

இரவில் துப்பாக்கி இருப்பது மாமனார் விட்டுப்போன இரும்பு அலமாரியில். மாமனார் ஜவுளி வியாபாரி. மகனையும் நம்பவில்லை, மருமகனையும் நம்பவில்லை. ஆகவே அலமாரிக்கு இரண்டு பூட்டு வைத்து, ஆளுக்கொரு சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். உள்ளே டுமீலின் துப்பாக்கியும், மச்சானுக்கு வந்த வேட்டைத் துப்பாக்கியும். காலையில் இருவரும் தோளோடு தோள் நின்று திறப்பார்கள், மாலையில் பூட்டுவார்கள். ஒரே வீட்டில் குடியிருந்தவரை அதில் ஒரு சிக்கலும் இல்லை.

ஒரு மாலை, அலமாரியைப் பூட்டிய பிறகு வீட்டில் தீப்பிடித்தது. முன்னறையும் சமையலறையும் கரியாயின. பின்னறை அலமாரி மட்டும் பெயிண்ட் கொப்பளித்து, கதவு அசையாமல் நின்றது. தீயணைப்புக்காரர் ஒருவர் கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆறினதும் திறந்துடுங்க. தீ தாங்கறதுக்காக உள்ள ஒட்டியிருக்கற பலகை, சூடு பட்டா தண்ணி கக்கும். புகையும் உள்ள புகுந்திருக்கும். எடுத்துத் துடைச்சு எண்ணெய் போடுங்க. பூட்டியே வெச்சீங்கன்னா அத்தனையும் துருப்பிடிச்சுடும்.”

“சரிங்க” என்றார்கள் இருவரும். அவர்கள் சேர்ந்து சொன்ன கடைசி வார்த்தை அது.

“தீக்குக் காரணமே உன் இஸ்திரிப் பெட்டிதான்டா. தையக்காரனை வீட்டுக்குள்ள வெச்சா இப்படித்தான்.”

“உங்க ஓட்டை சார்ஜர்தான் மாமா. நாலு இடத்துல டேப் சுத்தி வெச்சிருந்தீங்களே, அது ஒயரா, பேண்டேஜ் போட்ட காலா?”

மச்சான் தன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்டால்தான் சாவியோடு வருவேன் என்று சொல்லியனுப்பினார். டுமீலும் மனைவியும் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள்.

முதலாளி நல்லவர்போலத்தான் பேசினார். “முதல்ல வீட்டைப் பாருங்க. மாசம் பிறந்ததும் வந்தா போதும். தீயில கிடந்த சாமான், அதனால ரிப்பேர்காரர்கிட்ட காட்டி நல்லா இருக்குன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க.”

மனைவி நச்சரித்தாள். “அவனுக்கு ஒரு போன் போடுங்களேன். என்ன, வேத்து ஆளா?”

“அவன் போடட்டும். சின்னவன்தானே?”

“பெரியவர்தானே, அவர் போடட்டும்னு அவன் சொல்றான். உங்க ரெண்டு பேர் வீறாப்புக்கு நடுவுல நம்ம சோறு அந்த அலமாரிக்குள்ள நனைஞ்சு கிடக்கு.”

“பூட்டை உடைச்சா, என் துப்பாக்கியைத் திருடிட்டார்னு ஸ்டேஷன்ல போய் நிப்பான். உன் தம்பியை எனக்குத் தெரியாதா?”

பேரத்தில் முதலில் வாய் திறக்கக் கூடாது என்பது மாமனாரிடம் டுமீல் கற்ற ஒரே பாடம். மச்சானுக்கும் அவர்தான் வாத்தியார். ஆக இருவரும் வாயை மூடிக்கொண்டு, அடுத்தவர் எப்போது இறங்கிவருவார் என்று காத்திருந்தார்கள். இடையில் டுமீல் எரிந்த வீட்டுக்குப் போய், கொப்பளித்த பெயிண்டைச் சுரண்டி, அலமாரியின் வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வருவார். கதவில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

மாதக் கடைசி நெருங்கியதும் தோற்றது டுமீல்தான். “தப்பு என்னோடதுதான், வாடா” என்றார். போனை வைத்த சூடு ஆறுமுன் மச்சான் வந்து நின்றார். கூப்பிட மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தவர்போல முகம்.

திறந்தார்கள். ஈரச் சாக்கு வாடை குப்பென்று அடித்தது. கதவின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. துப்பாக்கிகள் இரண்டும் செம்மண்ணில் புதைத்து எடுத்தவைபோல் இருந்தன. பிடியின் மரக்கட்டை ஊறி ஊதிப்போயிருந்தது.

“ஐயோ மாமா!”

“அழுவறதை அப்புறம் வெச்சுக்கலாம். துணி எங்கே?”

மச்சான் தன் பையில் இருந்த, யாரோ தைக்கக் கொடுத்திருந்த புதுத் துணியைக் கத்தரித்துத் துண்டாக்கினார். தன் துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு மாமாவுடையதை மடியில் எடுத்துக்கொண்டார். கழற்றினார்கள், எண்ணெயில் ஊறவைத்தார்கள், கம்பிப் பஞ்சால் தேய்த்தார்கள், குழலுக்குள் பிரஷ் விட்டு இழுத்தார்கள். இழுத்த துணியெல்லாம் காவியாக வந்தது. பொழுது சாயும்போது வெளிப்புறம் வெள்ளியாக மின்னியது.

“புதுசு மாமா! கடையில வெச்சா விலை சொல்லிடலாம்.”

டுமீலும் சிரித்தார். தீக்குப் பிறகு முதல் சிரிப்பு.

மறுநாள் ரிப்பேர்காரர் வெளிப்புறத்தைப் பார்க்கவே இல்லை. குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். பிறகு இறக்கி வைத்தார்.

“உள்ள அரிச்சுக் குழி விழுந்திருக்கு. சுட்டா, பிடிச்சிருக்கறவர் முகத்துலதான் வெடிக்கும். உடனே திறந்து துடைச்சிருந்தா மேலோட போயிருக்கும்.”

“குழல் மட்டும் மாத்த முடியாதா?”

“இந்த மாடலுக்கு இப்ப குழல் வர்றதில்லைங்க.”

“நான் சுடவே மாட்டேங்க. சும்மா மடியில வெச்சிருப்பேன். ஒரு சீட்டு எழுதுங்க. ‘பரவாயில்லை’ன்னு மட்டும் எழுதினாக்கூடப் போதும்.”

“சுடாததுக்குத் துப்பாக்கி எதுக்குங்க? ஒரு தடிக்குச்சி வெச்சுக்கோங்க, அதுக்குச் சீட்டே வேணாம்.”

டுமீல் இன்னும் இறங்கிப் பேசிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ரிப்பேர்காரர் அசையவில்லை. துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் தெருவுக்கு வந்தார்கள்.

“முதலாளி உங்களை விட்டுடுவாரா மாமா? இத்தனை வருஷப் பழக்கம்” என்றார் மச்சான். அவர் குரலே அதை நம்பவில்லை.

“கேட்டுத்தான் பார்ப்போம். கதவு திறந்துவிடற வேலை இருந்தாலும் சரி.”

மச்சானை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு டுமீல் கடைக்குப் போனார். அவருடைய ஸ்டூலில் வேறோர் ஆள் இருந்தார். மடியில் புதிய துப்பாக்கி. பின்பக்கச் சுவரில் டுமீலின் தலை தேய்ந்து உண்டான எண்ணெய்க் கறையில் இப்போது அந்த ஆளின் தலை சாய்ந்திருந்தது.

டுமீலைப் பார்த்ததும் அவர் மரியாதையாக எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

“வாங்க சார், உள்ள வாங்க. என்ன பார்க்கறீங்க? செயினா, மோதிரமா?”

உள்ளே முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, ஏற்கெனவே துடைத்திருந்த தராசை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

“சும்மாதான்,” என்றார் டுமீல். “ஏசி காத்து வெளிய போகுது பாருங்க, கதவை மூடிக்கோங்க.”