கிழக்கே நாலு விரற்கடை

பாத்திரக்கடைக்காரர் உடற்பயிற்சி இயந்திரத்தின் மேல் ஏறி, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் நடந்து முடித்த முதல் நாள் காலையில், அவருடைய வீடு கிழக்குப் பக்கமாக நாலு விரற்கடை நகர்ந்திருந்தது. சுவரில் கீறல் விழவில்லை, அடுக்களையில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. வாசலில் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டதால், படி ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமுமாக, மனஸ்தாபப்பட்ட சம்பந்திகளைப் போல நின்றன. பத்திரிகை போடுகிறவர் வழக்கம்போலக் குறிபார்த்து எறிந்த பேப்பர் கேட்டுக் கம்பியில் பட்டுத் தெருவிலேயே விழுந்தது. தம் கைதான் தளர்ந்துவிட்டது என்று பயந்து, அவர் அன்றைக்கே தோள்பட்டைக்குத் தைலம் வாங்கினார்.

பாத்திரக்கடைக்காரரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'ஒரே விலை' என்பார்கள். கடைவீதியில் மற்ற எல்லோரும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி, பாதியில் வந்து நின்று, "உங்க முகத்துக்காகத்தான் குடுக்கறேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறவர்கள். இவர் கடையில் சொன்னது சொன்னதுதான். "பாத்துப் போட்டுக் குடுங்க" என்று யாராவது வாய் திறந்தால், அவர் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பக்குவமாக வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவார். இதனால் நாணயஸ்தர் என்று பெயரெடுத்தார். நாணயமும் பிடிவாதமும் ஒரே அச்சில் அடித்த பாத்திரங்கள், ஒன்றின் மூடி மற்றதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பது கடைவீதிக்குத் தெரியாததில்லை. ஆனால் பெரிய மனிதரிடம் அதைச் சொல்ல யாருக்கு வேலை இல்லை?

அவருடைய ஒரே மகள் எதிர்க்கடைக்காரரின் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பியபோது அவர் மறுக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி கல்யாணம் என்றார். எதிர்க்கடைக்காரர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வெறும் தொழில் பழக்கத்தில், "இருபத்திரண்டுன்னு வெச்சுக்கலாமே, சம்பந்தி" என்று கேட்டுவிட்டார். ஒரே விலை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பேச்சு அதோடு முறிந்தது. மகள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருபத்தைந்தாம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அதே தெருவில் கிழக்கே பதினோரு வீடு தள்ளிக் குடிவந்தாள். "என் வாசப்படியத் தாண்டி உன் வீட்டுப் பக்கம் ஒரு அடி வெச்சேன்னா நான் வியாபாரியே இல்ல" என்று அப்பா நடுத்தெருவில் நின்று சொன்னார். மகளும் அந்த ரத்தம்தானே. "நீங்க என் வீட்டுக்கு வர்ற அன்னிக்குத்தான் நானும் அங்க வருவேன்" என்றாள். தெருவே சாட்சி. அதற்கப்புறம் நாலு வருஷம், அவர் கடைக்கு மேற்கே போனார், வீட்டுக்குக் கிழக்கே வந்தார், வாசலோடு நின்றார். மகள் மூட்டுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட். தெருவில் பாதிப் பேரின் முழங்காலை அவள்தான் நிமிர்த்தினாள். தகப்பனின் முழங்கால் மட்டும் பதினோரு வீட்டுக்கு அப்பால் இருந்தது.

அந்த முழங்கால் இரண்டும் எண்ணெய் காணாத கதவுக்கீல் மாதிரி முனக ஆரம்பித்தன. எடை தொண்ணூற்றாறு. டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, நெஞ்சும் இனிமேல் அதிக நாள் பொறுக்காது, தினம் பூங்காவில் ஒரு மணி நேரம் நடங்கள் என்றார். ஊருக்கு இருப்பது ஒரே பூங்கா. அது தெருவின் கிழக்குக் கோடியில், மகள் வீட்டைத் தாண்டி இருந்தது. வேறு வழி உண்டா என்று ஒரே விலை கேட்டார். ஓடினால் மூட்டு தாங்காது, குதித்தால் போயே போகும், வீட்டுக்குள்ளேயே மூட்டில் அடிபடாமல் நடக்க எலிப்டிகல் என்று ஒரு மெஷின் இருக்கிறது என்றார் டாக்டர். எடை எத்தனை கிலோ வரைக்கும் இறங்கவேண்டும்? எழுபத்துநாலு. "எழுபத்துநாலுன்னா எழுபத்துநாலு. அது வர்ற வரைக்கும் மிதிப்பேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஒரே விலை எழுந்து வந்தார். இப்படி ஒரே பேச்சில் முடிகிற நோயாளியை டாக்டர் அதற்குமுன் பார்த்ததில்லை.

மெஷின் மூன்று பெட்டிகளில் வந்தது. பொருத்த வந்த இரண்டு பேரிடம் அவர் டிவியைப் பார்த்தமாதிரி மேற்கே பார்த்து வைக்கச் சொன்னார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கெழக்க பாத்து வைங்கப்பா. அங்கதான் ஜன்னல் இருக்கு, காத்து வரும்" என்றாள். அந்த ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். வீடு கட்டின நாளிலிருந்து அதன் வழியாகக் கொசு வந்திருக்கிறதே தவிரக் காற்று வந்ததில்லை. ஆனாலும் வீட்டுக்குள் விலை வைப்பது யார் என்பது மெஷின்காரர்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கிழக்கே பார்த்தே பூட்டினார்கள். பூட்டி முடித்தபின் அதைத் திருப்ப வேண்டுமானால் சுவரை இடிக்கவேண்டும், அவ்வளவு பெரிசு. காலுக்கு இரண்டு பலகை, கைக்கு இரண்டு கம்பி. ஏறி நின்றால் பாதம் பலகையை விட்டு எழும்புவதில்லை, முட்டியில் ஒரு தட்டுக்கூட விழுவதில்லை. தண்ணீருக்குள் நடக்கிறமாதிரி கால் முட்டை வடிவத்தில் சுற்றிச் சுற்றி வரும். செக்குமாடாவது கடைசியில் ஒரு குடம் எண்ணெய் தரும். இது வேர்வை மட்டும்தான் தரும் என்று ஒரே விலை சலித்துக்கொண்டார். 'எலிப்டிகல்' அவர் வாயில் நுழையாமல் 'எலி' ஆகிவிட்டது. "எலி மேல ஏறிட்டீங்களா?" என்று மனைவி தினமும் அடுக்களையிலிருந்து கேட்பாள். தினமும் அரை மணி நேரம் ஏறினார். தினமும் வீடு நாலு விரற்கடை போயிற்று.

முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தா. எதற்கும் மனு எழுதுவதால் அவருக்கு 'மனு' என்றே பெயர். அளவு நாடாவோடு வந்து, "ஏங்க, உங்க வீடு என் வீட்டு மேல ஏறுது" என்றார்.

"ஏறல. நகருது" என்றார் ஒரே விலை, மெஷினிலிருந்து இறங்காமல்.

"அப்ப என் வீடு எங்க போகும்?"

"அத உங்க வீட்டக் கேளுங்க."

மனுவின் வீட்டை யாரும் கேட்கவில்லை. அதுவாகவே வழி விட்டது. கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது பயணிகள் வயிற்றை எக்கிக்கொள்வது போல, ஒவ்வொரு வீடும் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்காரர் வீட்டை முன்னே விட்டுவிட்டு, அது கடந்ததும் பெருமூச்சு விட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. மனு எழுதிய முப்பத்தொரு மனுக்களுக்கும் நகராட்சி ஒரே பதில்தான் அனுப்பியது: வீடு நகர்வது குறித்து விதிகளில் எதுவும் சொல்லப்படாததால் மேற்படி வீடு நகரவில்லை. மின்சார இலாகாக்காரர் மாதம் ஒருமுறை வந்து கம்பியில் ஐந்து முழம் ஒட்டிவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாய் யாரும் தொடாமலே நீண்டுகொண்டது. தபால்காரர் மட்டும், கதவு எண்ணை நம்பாமல், எலி சத்தம் எங்கே கேட்கிறது என்று பார்த்துக் கடிதம் கொடுத்தார்.

வீடு எங்கே போகிறது என்பது முதல் மாதத்திலேயே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரே விலைக்குத் தெரியாதா? பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர் அவர். ஆனால் யாராவது ஜாடையாகக் கேட்டால், "நான் என் உடம்புக்காக மிதிக்கறேன். வீடு எங்க போனா எனக்கென்ன?" என்பார். அவர் சொன்ன சொல்லைத் தாண்டிவிட்டாரா என்று கடைவீதியில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. வாசற்படியைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டேன் என்றார், வைக்கவில்லை. படியே போகிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று எதிர்க்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். சம்பந்தி என்ற முறையில் கொஞ்சம் கண் கலங்கியதாகவும் கேள்வி.

இதில் உண்மையான வியாபாரி மனைவிதான். கணவர் கடைக்குப் போனதும் மகளோடு போனில் பேசுவாள். மெஷினைத் தேர்ந்தெடுத்தவளே மகள்தான். எந்தப் பக்கம் பார்த்து வைக்கவேண்டும் என்று தீர்மானித்தது தாய். பதினோரு வீடு என்றால் எத்தனை விரற்கடை, எத்தனை நாள் என்று அவள் காய்கறிக்காரரிடம் வாங்கிய பழைய காலண்டரின் பின்பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். அதற்கு மூன்று வருஷம் வேண்டும். எழுபத்துநாலு கிலோவுக்கோ இரண்டு வருஷமே போதும். எடை சீக்கிரம் இறங்கிவிட்டால் மனிதர் சொன்ன சொல்படி எலியை விட்டு இறங்கிவிடுவாரே? ஆகவே அவள் தாராளமாக நெய் ஊற்றினாள். மெஷின் மாதம் ஒரு கிலோ எடுத்தால், அவள் மத்தியானச் சாப்பாட்டில் அரைக்கிலோவைத் திருப்பி வைத்தாள். "இவ்ளோ மிதிச்சும் ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று அவர் எடைமெஷினை உதைப்பார். "வயசாச்சில்ல, மெதுவாத்தான் இறங்கும். இன்னொரு வடை வெக்கட்டா?" என்பாள். இப்படி ஒரு மனிதர் மெலிந்தும் மெலியாமலும் மூன்று வருஷம் நடந்தார். முழங்கால் முனகுவதை நிறுத்தியது. சட்டைகள் இரண்டு சுற்று தளர்ந்தன. மூச்சு வாங்காமல் கடையின் மேல் அடுக்கு வரை ஏணியில் ஏறினார். பத்து வீடுகள் பின்னால் போயின.

கணக்கு கடைசியில் பிசகியது. மனைவி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவர் தாமே கஞ்சி வைத்துக் குடித்தார். எட்டாம் நாள் எடைமெஷினில் ஏறி நின்றால், எழுபத்துநாலு. மகள் வீட்டுக்கு இன்னும் பதினாறு அடி இருந்தது. நடுவில் ஒரு தையல் கடை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் எலியின் மேல் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. வீடு நின்ற இடத்தில் நின்றது. தபால்காரர் சத்தம் கேட்காமல் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். சொன்ன சொல்லை மாற்று என்று அந்த மனிதரிடம் கேட்பதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று என்று மனைவிக்கு முப்பது வருஷ அனுபவம். அவர் கிழக்கு ஜன்னலைத் திறந்து தையல்கடைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு நோயாளியிடம் "இன்னும் அஞ்சு, இன்னும் நாலு" என்று எண்ணுகிற குரல் கேட்டது. ஏழு வருஷத்தில் மகளுடைய குரல் அவர் காதில் விழுந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனார்.

"எழுபத்துநாலு வந்தாச்சு. அருமை. இனிமே போதுங்க" என்றார் டாக்டர்.

ஒரே விலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. "டாக்டர், எழுபது பண்ணிக்கலாமே."

"எதுக்குங்க? உங்க உயரத்துக்கு எழுபத்துநாலுதான் சரி."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். எழுபத்தொண்ணு."

"எழுபத்துமூணுக்குக் கீழ நான் சொல்ல மாட்டேன்."

இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரே விலை நாற்பது வருஷம் எதிர்க்கடையில் பார்த்திருக்கிறார். எழுந்து வாசல்வரை நடக்கவேண்டும், கடைக்காரர் கூப்பிடுவார். எழுந்து நடந்தார். டாக்டர் படித்தவர், வியாபாரம் தெரியாது, கூப்பிடவில்லை. அடுத்த நோயாளியை வரச் சொல்லி மணி அடித்தார். ஒரே விலை கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தாமே திரும்பி வந்தார்.

"எழுபத்திரண்டு" என்றார். "பாத்துப் போட்டுக் குடுங்க."

டாக்டர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, சீட்டில் எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செய்தி அவருக்கு முன்பே கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்க்கடைக்காரர் தம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தார்; பெரிய வியாபாரி யாராவது போய்விட்டால் செய்கிற மரியாதை அது.

அறுபத்துநாலு நாள் மிதித்தார். தையல்காரர் தம் கடை எக்கிக்கொண்ட அத்தனை நாளும் தெருவில் மெஷினைப் போட்டுத் தைத்தார். ஒரு பொத்தான்கூடத் தவறவில்லை. அறுபத்துநாலாம் நாள் காலை, இரண்டு வீட்டுச் சுவரும் சத்தமில்லாமல் தொட்டுக்கொண்டன. கிழக்கு ஜன்னல் மகள் வீட்டு முன்னறை ஜன்னலோடு சரியாகப் பொருந்தி நின்றது. கம்பிகளைப் பெயிண்ட் அடிக்கவென்று மனைவி போன மாதமே கழற்றிக் கொடுத்திருந்தாள். பெயிண்டர் இன்னும் திருப்பித் தரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் கம்பியில்லாத தன் பக்கத்து ஜன்னல் கதவைத் திறந்தாள். அப்பா எலியின் மேல் இருந்தார். அரை மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி. ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. இறங்கவும் முடியாமல், முகத்தைப் பார்க்கவும் முடியாமல், மெஷினில் ஓடுகிற எண்களையே பார்த்துக்கொண்டு மிதித்தார். வேர்வை கண்ணில் இறங்கியது. அது வேர்வைதான் என்று அவர் பின்னால் பல பேரிடம் சொன்னார்.

மகள் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் கால் வைத்து, உள்ளே இறங்கினாள்.

"குதிகாலத் தூக்காதீங்கப்பா. அழுத்தி வைங்க."

அவர் அழுத்தி வைத்தார். "இப்ப?"

"முதுகை நிமித்துங்க. கம்பியில தொங்காதீங்க."

"எத்தனை நாளா தப்பா பண்றேன்?"

"மூணு வருஷமா. சத்தம் கேக்குமே." அவள் குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்துப் பலகையில் சரியாக வைத்தாள். "இதுவரைக்கும் பண்ணினது ஒண்ணும் செல்லாது. நாளையிலேர்ந்து புதுசா ஆரம்பிங்க."

"செல்லாதா? பாதியாவது எடுத்துக்கயேன்" என்றார் அவர்.

"காபி ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கா?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

அன்றைக்கு எடை எழுபத்திரண்டா என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் குதிகாலை அழுத்தி வைத்து, முதுகை நிமிர்த்தி, அரை மணி நேரம் மிதித்தார். இரண்டு வீடும் சேர்ந்து நாலு விரற்கடை கிழக்கே போயின. அந்தப் பக்கத்து மாவுமில்காரர் வெளியே வந்து பார்த்தார். சைக்கிளை எடுத்து எதிர்ப்புறம் நிறுத்திவிட்டு, உள்ளே போய் மெஷினை ஓட்டினார்.