வரைபடத்தில் சுருங்கிய தோட்டா

திங்கள் தொடங்கி வெள்ளிக்குள் பதினான்கு ஆட்டுக்குட்டிகள். நாக்கும் வாலும்தான் போயிருந்தன. மிச்சத்தை அப்படியே புல்லில் போட்டுவிட்டுப் போயிருந்தது நரி. முழுதாகத் தின்றிருந்தாலாவது என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. அடுத்த வாரம் இரட்டைக் குட்டி சுமக்கும் நூற்றுப் பத்து ஆடுகள் ஓடை வயலில் ஈனப்போகின்றன. அதற்குள் சரியான துப்பாக்கி ஒன்று என் கைக்கு வந்தாக வேண்டும்.

பழைய சின்னத் துப்பாக்கி முயலுக்குத்தான் லாயக்கு. போன வருஷம் அதால் ஒரு நரியைச் சுட்டேன். பட்டது, ஆனால் சாகவில்லை. கொல்வதென்றால் ஒரே அடியில் கொல்ல வேண்டும், குற்றுயிராக விடுவது பாவம்.

சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில், இறைச்சி வைத்துச் சுட்ட பை ரொட்டி வாங்கும் வரிசையில் நின்றபடி, நரிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று வாயை விட்டேன். வந்தது வினை.

"ட்வென்டி டூ டூ ஃபிஃப்டி வாங்கு, நோலா. நானூறு மீட்டர்ல நரியோட மீசைய எண்ணிச் சுடலாம்" என்றான் மெர்வின். ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவன். அவனிடம் ஆடே கிடையாது, ஆனாலும் நரியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"அதெல்லாம் பொம்மை. டூ ஃபார்ட்டி த்ரீ வாங்கு. காட்டுப்பன்னி வந்தாக்கூடச் சாயும்" என்றார் கம்பளி தரம் பிரிக்கும் அதோல்.

"எங்ககிட்ட ஏதுங்க காட்டுப்பன்னி?"

"வந்தா?"

என் வீட்டுக்காரன் கீத் இரண்டு பேருக்கும் தலையாட்டினான். கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வது அவன் வழக்கம். நரி எவ்வளவு தூரத்தில் வருகிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிற கூட்டம். கொளுத்தப்போவது யார் வீட்டை என்று காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு மாலை இருவரையும் டீக்குக் கூப்பிட்டேன். மேஜையில் பண்ணை வரைபடத்தை விரித்து, ஸ்கோன் ரொட்டியிலிருந்து ஒரு உலர்திராட்சையைப் பிய்த்து ஓடை வயலில் வைத்தேன்.

"இதுதான் நரி. நான் இங்க கேட் பக்கத்துல நிக்கிறேன். மெர்வின், சுடு."

"டுமீல். செத்துச்சு."

"தவறிருச்சுன்னு வை. குண்டு எங்க போவும்?"

கேட்டிலிருந்து திராட்சை வழியாக அடிக்கோலை நீட்டினேன். அது ஓடையைத் தாண்டிப் போய் ஒரு கறுப்புச் சதுரத்தில் முட்டியது.

"இது என்ன?"

மெர்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "எங்க வீடு."

"எந்தப் பக்கம்?"

"அடுப்படி."

"காலையில அங்க யாரு நிப்பா?"

"என் பொண்டாட்டி வெர்னா." அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அப்படிப் பாத்தா, டூ ஃபிஃப்டி கொஞ்சம் அதிகம்தான்."

அதோல் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அடிக்கோலைச் சற்றே திருப்பினேன். அவர் புதிதாக வாங்கிய கேரவன் வண்டியை நிறுத்தியிருக்கும் இடத்தில் போய் நின்றது. சிரிப்பு நின்றது. "சின்ன ஹார்னெட் தோட்டா போதுமே, நோலா?" என்றார். இரண்டாவது கோப்பைக்குள் ஒருவர் காற்றுத் துப்பாக்கிக்கும் மற்றவர் நல்ல நாய்க்கும் வந்துவிட்டார்கள்.

"இன்னொரு டீ ஊத்துனா உண்டிவில்லுக்கு வந்துருவாங்க" என்றான் கீத். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவன் சொன்ன நல்ல ஜோக்குகளில் அது ஒன்று.

கடைசியில் நானே தீர்மானித்தேன், ட்ரிபிள் டூ. இருநூறு மீட்டருக்குள் நரியை நின்ற இடத்தில் சாய்க்கும். லேசான குண்டு, மண்ணில் பட்டால் பெரும்பாலும் பொடியாகிவிடும். அதையும் மேட்டிலிருந்து கீழ்நோக்கி, ஓடைக்கரை மண்சுவரைப் பார்த்துத்தான் சுடுவேன். அனுமதிச் சீட்டு ஏற்கனவே கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை துப்பாக்கி வந்தது.

புதன் விடியலில் மெர்வினும் தன் துப்பாக்கியோடு வந்து நின்றான். "பாத்துக் கத்துக்க" என்றான். மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தோம். பின்னால் கீத் தகர விசிலை உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தான். அடிபட்ட முயல் அலறுவதைப் போலவே இருக்கும் அந்தச் சத்தம்; இரை என்று நரி தேடி வரும்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. உறைபனிப் புல்லில் நரி துள்ளிக்கொண்டு வந்து மெர்வினுக்கு முன்னால் பதினைந்தே அடியில் நின்றது.

"சுடுய்யா!"

"எங்க? எங்க?"

"மூக்குக்கு முன்னாடி!"

"ஸ்கோப் கண்ணாடிய நானூறு மீட்டருக்கு வச்சுட்டேன். ஒரே செவப்பா மசமசன்னு தெரியுது!"

"அதுதான்யா நரி!"

நரி திரும்பி ஓடையை நோக்கி ஓடியது. "ஏய்!" என்று கத்தினேன். என்னதான் அவசரம் என்றாலும் ஒரு முறை நின்று திரும்பிப் பார்க்கிற கெட்ட பழக்கம் நரிக்கு உண்டு. தொண்ணூறு மீட்டர், பின்னால் மண்சுவர். ஒரே குண்டு. துடிக்கக்கூட இல்லை.

கிட்டே போய்ப் புரட்டினேன். மடி நிறையப் பால். எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. பட்டினியில் சாக விடுவது என்னால் ஆகாது. உறைபனியில் அது வந்த தடம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினோம், வேலியைத் தாண்டினோம். மெர்வினின் நடை தளர்ந்துகொண்டே வந்தது. தடம் அவன் வீட்டு அடுப்படிக்குக் கீழே, வீட்டைத் தாங்கி நிற்கும் மரத்தூண்களுக்கு நடுவே போய் மறைந்தது.

குனிந்து பார்த்தேன். ஐந்து குட்டிகள். சுற்றிலும் என் ஆட்டுக்குட்டிகளின் வால்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் நாய் பிஸ்கட். இவர்கள் வீட்டு நாய் செத்து இரண்டு வருஷமாகிறது.

மேலே ஜன்னலைத் திறந்தாள் வெர்னா. "எலி மாட்டுச்சா? மூணு வாரமா தரைக்கடியில கீச்சு கீச்சுன்னு. கேட்டா, எலிதான், தூங்குங்கிறாரு."

நான் மெர்வினைப் பார்த்தேன். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். பதினைந்து அடியில் நின்ற நரி அவன் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது; வேண்டுமென்றேதான் சுடாமல் விட்டிருக்கிறான்.

"பதினாலு குட்டி, மெர்வின்."

"பிஸ்கட் போட்டா உன் பக்கம் வராதுன்னு நெனச்சேன், நோலா."

எனக்கு வந்த கோபத்தில் அவனையே சுட்டிருப்பேன். திட்டித் தீர்த்தேன். பிறகு செய்ய வேண்டியதை நானே செய்தேன், சீக்கிரமாக. அழுதேன், அதில் வெட்கமில்லை. குழியை மெர்வின் வெட்டினான்.

தண்டனையும் கொடுத்தேன். ஈற்று முடியும் வரை தினமும் விடியலில் அவன்தான் என் ஓடை வயலைச் சுற்றி வர வேண்டும். வருகிறான். இதுவரை ஒரு குட்டியும் நரிக்குப் போகவில்லை. நேற்று, தாய் ஒதுக்கிய ஒரு குட்டி குளிரில் விறைத்துக் கிடந்திருக்கிறது. சட்டைக்குள் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"இத எங்க அடுப்படிக்குக் கீழ வச்சு நான் பாத்துக்கிறேன்" என்றான். "வெர்னாகிட்ட மட்டும் சொல்லிராத."