காரீயம் இல்லாத ரீல்

மீனை ஏமாற்றுவதுதான் தங்கையின் பிழைப்பு. தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றி, தண்ணீர்ப் பூச்சி மாதிரியே பொய்ப்பூச்சி கட்டுவாள். பெரிய மீன்கள் மேலே வந்து அலைவதில்லை, ஆற்றின் அடியில் முதலாளி போல அசையாமல் கிடக்கும். சாப்பாடு அங்கே இறங்கி வர வேண்டும். அதற்காக நூல் சுற்றுவதற்கு முன்பே முள்ளின் தண்டில் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கனம் ஏற்றுவார்கள். எந்தக் கம்பி என்பதில்தான் எல்லாத் தொல்லையும் இருந்தது.

காரீயக் கம்பி நல்ல கனம். சொன்னபடி வளையும், நகத்தால் நெருக்கினால் இடைவெளி இல்லாமல் அடங்கி உட்காரும். ஆனால் விஷம். வெள்ளீயக் கம்பியில் விஷம் இல்லை, கனமும் போதாது. குறைகிற கனத்துக்கு இன்னும் நாலு சுற்று சுற்றினால் பூச்சிக்குத் தொப்பை விழுந்துவிடும். தொப்பை வைத்த பூச்சியைப் பார்த்தால் மீன் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்குச் செருப்புக் கடையில் வேலை. அவளுடைய ஒன்றரை வயது மகளைப் பகலில் பார்த்துக்கொள்வது தங்கை. குழந்தைக்கு ஊரறிய ஒரு பெயர் இருந்தது, வீட்டில் வண்டு. ஓரிடத்தில் நில்லாத ஜென்மம். அது தவழ ஆரம்பித்த அன்றே அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வீட்டுக்குள்ள இனிமே காரீயம் இருக்கக் கூடாது. இவ எதை எடுத்தாலும் வாயில போட்டுத்தான் பாக்கறா."

"நானே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன்க்கா," என்றாள் தங்கை. போடவும் செய்தாள், ஒரு சுருளைத் தவிர. கை பழகிய பொருளை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளீயத்தில் கட்டிய பூச்சிகள் விற்றுப்போன பிறகு படகுக்காரர் வந்தார். படகில் ஆட்களை ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவர், அவளிடம் வழக்கமாக வாங்குகிறவர்களில் பெரிய ஆள் அவர்தான்.

"உன் பூச்சி தண்ணியில இறங்க நல்ல நேரம் பாக்குதும்மா. அது அடிக்குப் போறதுக்குள்ள மீன் தூங்கி எழுந்து வேற பக்கம் போயிடுது. பழைய மாதிரி கட்டித் தர முடியும்னா சொல்லு. இல்லன்னா நான் வேற ஆளைப் பாக்கறேன்."

அவள் சும்மா இருக்கவில்லை. தடித்த வெள்ளீயக் கம்பியில் கட்டிப் பார்த்தாள், தொப்பை. தலையில் கனமான டங்ஸ்டன் உலோக மணி கோர்த்துப் பார்த்தாள், வால் மேலே நிற்கத் தலைகுப்புறப் போய் விழுந்தது. கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தவள், கடைசியில் அந்தப் பழைய சுருளில் கட்டிய ஒன்றை விட்டாள். அது மட்டமாக, அவசரமில்லாமல், நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஒரு வெள்ளீய ரீலை அவிழ்த்துக் காலி செய்து, அதில் காரீயக் கம்பியைச் சுற்றினாள். ரீலின் பக்கவாட்டில் பச்சை லேபிள் ஒட்டியிருந்தது: காரீயம் இல்லாதது. காரீயத்தைத் தொட்டால் விரல் நுனி கறுக்கும். அக்கா வருவதற்குள் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவாள். மீனை ஏமாற்றிப் பழகிய கைக்கு அக்காவை ஏமாற்றுவது அப்படியொன்றும் சிரமமாக இல்லை. வெட்டி விழும் துண்டுகளை ஒரு டப்பா மூடியில் சேர்த்து மேசையின் உட்பக்கமாக வைத்துக்கொள்வாள். அந்த மட்டும் கவனம் இருந்தது.

ஒரு முற்பகலில் படகுக்காரரிடமிருந்து போன் வந்தது. ஜன்னல் பக்கம் போனால்தான் சரியாகக் கேட்கும். பூச்சிகள் பிரமாதம், இன்னும் வேண்டும் என்று அவர் சொல்ல, அவள் முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். திரும்பியபோது மேசை விரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. டப்பா மூடி தரையில் கவிழ்ந்து கிடந்தது. மேசைக்கு அடியில் வண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது.

பாய்ந்து போய் வாய்க்குள் விரலை விட்டாள். ஒரு துண்டு கையோடு வந்தது. இன்னொன்று நாக்கில் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தொடுவதற்குள் குழந்தை மடக்கென்று விழுங்கிவிட்டு, பெரிய சாதனை செய்த மாதிரி சிரித்தது.

அந்த நேரம் பார்த்து வாசற்கதவு திறந்தது. கடையில் மின்சாரம் இல்லையென்று அக்காவைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.

"என்னடி ஆச்சு? எதைப் போட்டுக்கிட்டா?"

"கம்பித் துண்டுக்கா. ஒண்ணை எடுத்துட்டேன். ஒண்ணை முழுங்கிட்டா."

அக்கா மேசையைப் பார்த்தாள். பச்சை லேபிள் ஒட்டிய ரீலை எடுத்தாள். "இந்தக் கம்பிதானே?"

"ம்," என்றாள் தங்கை.

டாக்ஸியில் அந்த ஒற்றை எழுத்து அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அக்கா குழந்தையை மார்போடு அணைத்து, மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் வெள்ளீயத்திலும் கொஞ்சம் கட்டினேனே என்று நினைத்தாள். முழுங்கியது அதில் வெட்டியதாகக்கூட இருக்கலாம். இருக்கலாமே, கூடாதா என்ன? வாயிலிருந்து எடுத்த துண்டு அவள் மூடிய கைக்குள்ளேயே இருந்தது. கையைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

மருத்துவமனையில் ஒரு டோக்கன் சீட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அக்கா தண்ணீர் வாங்கப் போனதும் தங்கை சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சந்தேகமான கம்பியைக் காகிதத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். வெள்ளீயம் கீறிவிட்டுப் போகும். காரீயம் பென்சில் மாதிரி எழுதும்.

துண்டை வைத்து இழுத்தாள்.

சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னொரு தடவை இழுத்தாள். அது முன்னதைவிடக் கறுப்பாக விழுந்தது. ஒன்று காரீயமென்றால் மற்றதும் அதுவாகத்தான் இருக்கும். இதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசிக்கும்போதே அக்கா வந்துவிட்டாள், உள்ளேயும் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் நிதானமான பெண்மணி. தொண்டையைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். "என்ன கம்பி?"

அக்கா கைப்பையிலிருந்து ரீலை எடுத்து மேசையில் வைத்தாள். "வெள்ளீயம் டாக்டர். பாருங்க, இதுலயே போட்டிருக்கு. எங்க வீட்ல காரீயமே கிடையாது."

டாக்டர் லேபிளைப் படித்தார். "அப்போ பெரிசா பயப்பட வேண்டாம். மூச்சு நல்லா இருக்கு. சின்னத் துண்டுதான், தானா வெளிய வந்துடும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாந்தி எடுத்தா, சாப்பிடாம அடம் பிடிச்சா உடனே வாங்க."

அக்காவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்தில் நின்ற தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைடி. நீ என் பேச்சைக் கேட்டே."

அதற்கு மேல் தங்கையால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், அது காரீயம்."

அக்கா புரியாமல் பார்த்தாள். "லேபிள்ல போட்டிருக்கே."

"லேபிள் மட்டும்தான்க்கா நிஜம். கம்பியை நான் மாத்திச் சுத்திட்டேன்." சீட்டை டாக்டர் முன்னால் வைத்தாள், துண்டையும் வைத்தாள். "இவ வாயிலேருந்து எடுத்தது. கோடு விழுது பாருங்க. முழுங்கினதும் இதுதான்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. போனை எடுத்து எக்ஸ்ரேவுக்குச் சொன்னார். வயிற்றிலேயே தங்கினால் அமிலம் கரைத்து ரத்தத்தில் ஏற்றிவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார். அக்கா பிடித்திருந்த கையை எப்போது விட்டாள் என்று தங்கைக்குத் தெரியவில்லை. பார்க்கும்போது அந்தக் கை குழந்தையின் முதுகில் இருந்தது.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு சின்னச் சுருள் தெரிந்தது. எவ்வளவு மென்றும் தங்கை வளைத்த வளைவு அப்படியே இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிய பிறகு நடையில் இருவரும் நின்றார்கள். பெஞ்சு காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை.

"அதான் எப்பப் பாரு கையில சோப்பு வாசனை," என்றாள் அக்கா. "நான் உனக்குச் சுத்தம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

தங்கை விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போங்கன்னாங்க இல்ல? நீ வாயைத் திறக்கலன்னா இவளைத் தூக்கிட்டுச் சந்தோஷமாப் போயிருப்பேன். சந்தோஷமா." அந்த வார்த்தையை மறுபடி சொல்லும்போது குரல் உடைந்தது. "சோறு ஊட்டி, தூங்க வெச்சிருப்பேன்."

அடிவாங்கினால்கூடத் தேவலை என்று தங்கைக்குத் தோன்றியது. அக்கா கை ஓங்கவில்லை.

துண்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வந்தது. தங்கை மிச்சமிருந்த காரீயத்தைப் பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் கொடுத்துவிட்டு, கட்டி வைத்த பூச்சிகளையும் அதோடு சேர்த்துப் போட்டாள். படகுக்காரருக்குப் போன் செய்து இனி வெள்ளீயம்தான் என்றாள். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா அவளோடு பேசினாள், அளந்து பேசினாள். குழந்தையைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள். வண்டு அங்கே ஒரு ஜோடி செருப்பு விடாமல் கடித்துவைத்தது. வாங்க வந்தவர்கள் முகம் சுளிக்க, நாலே நாளில் இனிமேல் குழந்தையைக் கொண்டுவர வேண்டாமென்று முதலாளி கைகூப்பிவிட்டார்.

மறுநாள் காலை தங்கை மேசையில் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா புறப்பட்டு வந்து, குழந்தையை இடுப்பில் வைத்தபடியே எதிரே நின்றாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விரித்தாள். மேசையில் இருந்த ரீல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பி நுனியை அழுத்தி இழுத்தாள். லேபிளை அவள் பார்க்கவே இல்லை. தாளில் ஒரு கோடும் விழவில்லை.

"கையைக் காட்டு."

தங்கை இரண்டு கைகளையும் நீட்டினாள். அக்கா விரல்களைப் பிரித்து நுனிகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து மோந்து பார்த்தாள். பிசினும் இறகும் மணத்தன. சோப்பு வாசனை இல்லை.

"சாயங்காலம் வந்தும் பாப்பேன்," என்றாள்.

"பாருக்கா."

அக்கா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, நீட்டியபடியே இருந்த அந்தக் கைகளில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.