நீலச் சீட்டுச் சோளம்

எருத்தேன்பதியில் முதன்முதலாக வீரிய ஒட்டுச் சோளம் விதைத்தவர் பொங்கியண்ணன். விவசாய டிப்போவில் வாங்கிய விதைப்பையின் வாயில் ஒரு நீலச் சீட்டு தைத்திருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். சர்க்கார் முத்திரை இருந்ததால் நம்பினார். அந்த வருசம் கதிர் கைக்கு அடங்காமல் விளைந்தது. வழியில் போகிறவர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நல்ல கதிராகப் பொறுக்கி விதைக்கு எடுத்துவைத்து, கோவிந்தாபுரத்துத் தங்கை கருப்பாத்தாளுக்கு வண்டியில் கொண்டுபோனார். புருஷன் போனபின் அவள்தான் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ண்ணா, எங்கூட்டுப் பழைய இருங்குச் சோளம் விதைக்குன்னு குதிருல கெடக்குதுங்களே."

"அதைய இடிச்சுச் சோறாக்கிப் போடு அம்மிணி. இதைய வெதைச்சுப் பாரு."

அண்ணன் பேச்சை அவள் தட்டியதில்லை.

புரட்டாசியில் அவர் போனபோது, ஒரு பயிர் ஆளுயரம் நின்றது, அடுத்தது முழங்காலைத் தாண்டவில்லை. பாதிக் கதிரில் மணியே பிடிக்கவில்லை. அவரோ அந்த வருசம் தன் காட்டில் கடலை போட்டுத் தப்பித்திருந்தார். கருப்பாத்தாள் மாட்டுக்காவது ஆகட்டும் என்று சோளத்தட்டையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொங்கியண்ணன் சித்தூரில் விவசாய ஆபீசர் லட்சுமிநாராயணனைப் போய்ப் பார்த்தார். ஆபீசர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"ஒட்டு விதை ஒரு தடவைக்குத்தான். அதிலே விளைஞ்சதை மறுபடி விதைச்சா குணம் பிரிஞ்சுபோயிடும்."

"அது சீட்டுல எழுதியிருந்துச்சுங்களா?"

ஆபீசர் ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். "முளைப்பு, சுத்தம், தேதி. சட்டம் கேட்டதெல்லாம் இருக்கு. இதை எழுதணும்னு சட்டத்திலே இல்லை." சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுதியிருக்கலாம்தான். நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்க வேண்டும் என்றே பொங்கியண்ணனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

தங்கைக்கு இருங்குச் சோள விதையாவது தேடிக் கொடுக்கலாமென்று ஊர் ஊராக அலைந்தார். பங்காளி சென்னியப்பன் கையை விரித்தான். "நீங்க போட்டதைப் பாத்துத்தானுங்களே நாங்களும் மாறுனோம்."

சோறாக்கத் தன் குதிரிலிருந்த சோளத்தைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். அவள் வாங்கிக் குதிரில் கொட்டிவைத்தாள்.

ஒவ்வொரு வருசமும் விதைப்புக்கு முன்னால், என்ன போடலாம் என்று அண்ணனுக்கு ஆள் விடுவாள். அடுத்த வருசம் ஆள் வரவில்லை. அவராகப் போனபோது காடு விதைத்து முளைத்திருந்தது.

"என்ன போட்டிருக்கறே அம்மிணி?"

"கடலைங்ண்ணா. வாங்க, சோறு உண்ணலாம்."

அவர் கைகழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.